பெயர் எழுதாத அட்டை

அத்தியாயம் 5

"தும்மாதே தம்பி. இங்க இருக்கிறதெல்லாம் நூறு வருஷத்துச் செடி. ஒரு தும்மல்ல தூளாயிடும்."

அண்ணி சொல்லி வாயை மூடவில்லை, கொழுந்தன் தும்மிவிட்டான். சாதாரணத் தும்மல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு புறாக்கள் இடம் மாறி உட்கார்ந்தன. அவனைக் குறை சொல்லியும் பயனில்லை. அந்த நீளமான அறையில் எழுபது இரும்பு அலமாரிகள் நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி அந்துருண்டை. அந்துருண்டைக்கும் அவன் மூக்குக்கும் பிறந்ததிலிருந்தே ஆகாது.

"செடி ஆபீஸ்னு சொன்னீங்க. பச்சையா ஒண்ணையும் காணோமே அண்ணி. பிணவறை மாதிரியில்ல இருக்கு."

"உலர்தாவரக் காப்பகம்" என்று பின்னாலிருந்து திருத்தினார் காப்பாளர். கையுறை போட்ட, ஒல்லியான மனிதர். இடுப்பில் சாவிக்கொத்து. பேசும்போதுகூட ஏதோ படிவத்தைப் பூர்த்தி செய்வது போலவே பேசினார்.

செடிகளை அழுத்தி, காயவைத்து, கெட்டித் தாளில் ஊசி நூலால் தைத்து, யார் எங்கே எப்போது பறித்தார் என்று ஓரத்தில் எழுதி இங்கே அடுக்கி வைக்கிறார்கள். ஒரு செடி உலகத்துக்கே புதியது என்று யாராவது சொன்னால், அதற்கு ஒரே சாட்சி அந்தத் தாள்தான். தாள் இல்லையென்றால் செடியும் இல்லை, சொன்னவருக்கு மரியாதையும் இல்லை.

காணாமல் போயிருந்தது அப்படிப்பட்ட ஒரு தாள். அதைக் கண்டுபிடித்துத் தரத்தான் அண்ணியையும் கொழுந்தனையும் கூப்பிட்டிருந்தார்கள்.

தொலைத்தவர் ஜன்னலோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஆராய்ச்சியாளர். முப்பத்தைந்து வயது இருக்கும் பெண். அழுது முடித்துவிட்டு அடுத்த அழுகைக்குக் காத்திருக்கும் முகம்.

"மூணு மணிக்குக் குழு கூடுது மேடம். அடுத்த வாரம்தான்னு சொல்லியிருந்தாங்க, திடீர்னு இன்னைக்கு மாத்திட்டாங்க. தாளைக் காட்டலைன்னா நான் சொன்னது பொய்னு எழுதி, திட்டத்தை மூடிடுவாங்க. வேலையும் போயிடும். ஆறு வருஷம் மேடம்."

"திரும்பப் போய் இன்னொண்ணு பறிச்சுட்டு வந்தா?" என்றான் கொழுந்தன்.

"வருஷத்துல ரெண்டே வாரம்தான் சார் பூக்கும். பூ இல்லாம எடுத்துக்க மாட்டாங்க. அடுத்த பூவுக்கு இன்னும் பத்து மாசம் இருக்கு."

அப்போது அவருடைய கைபேசி அதிர்ந்தது. எடுத்து, காதில் வைத்து, "இன்னும் இல்ல அத்தை... ஆமா அத்தை... சாயங்காலம் சொல்றேன் அத்தை" என்று மூன்றே வரியில் வைத்துவிட்டார்.

"மாமியார்" என்றார். "செடிக்கு அவங்க பேர்தான் வைக்கிறதா சொல்லியிருக்கேன். நான் மலை மலையா ஏறினப்போ ஆறு வருஷமா என் பிள்ளையைத் தூக்கி வளர்த்தது அவங்கதான். தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க. இப்ப மணிக்கு ஒரு தடவை போன் பண்றாங்க."

"நல்ல விஷயம்தானே" என்றான் கொழுந்தன். "செடி பார்க்க எப்படி இருக்கும்?"

"காஞ்சொறிக்குத் தூரத்துச் சொந்தம் சார். உடம்பு முழுக்க ஊசி ஊசியா ரோமம். தொட்டா மூணு நாள் அரிக்கும். காய்ஞ்ச பிறகும் விடாது."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி கூரையைப் பார்த்தாள்.

"அன்பாத்தான் சார் வைக்கிறேன்" என்றார் ஆராய்ச்சியாளர்.

கொழுந்தன் ஐந்தாம் வகுப்புப் படிக்கையில் அண்ணி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். வந்த மூன்றாம் நாளே, எறும்பு வரிசை எந்தத் தலையணைக்குள் போகிறது என்று பார்த்து, பிஸ்கட் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தாள். திருடன் அவன்தான். இவளுக்கு எதிரில் நிற்பதைவிடப் பக்கத்தில் நிற்பதே உடம்புக்கு நல்லது என்று அன்றைக்கே தீர்மானித்தவன், இந்த நாற்பத்து மூன்றாம் வயதிலும் அந்தத் தீர்மானத்தை மாற்றவில்லை.

காப்பாளர் நாற்பத்தோராவது அலமாரியைத் திறந்தார். கொழுந்தன் மூக்கைப் பொத்திக்கொண்டான். மூன்றாம் தட்டில், தாள் இருக்க வேண்டிய இடத்தில், இளஞ்சிவப்பு நிறத்தில் ஓர் அட்டை மட்டும் கிடந்தது.

"யாராவது ஒரு தாளை எடுத்தா, அந்த இடத்துல இந்த அட்டையை எழுதி வைக்கணும். அது விதி" என்றார் காப்பாளர். "திங்கள்கிழமை காலையில இவங்க வந்து திறந்தப்போ இதுதான் இருந்துச்சு."

அட்டையில் நான்கு கட்டங்கள். பென்சிலில், முத்து முத்தாக மூன்று கட்டங்கள் நிரப்பப்பட்டிருந்தன. எடுத்த நாள்: சனி. காரணம்: சந்தேகம். திரும்பும் நாள்: திங்கள்.

பெயர் என்ற கட்டம் மட்டும் காலி.

"அட, திருடன் விண்ணப்பம் போட்டுத் திருடியிருக்கான்" என்றான் கொழுந்தன். "எனக்கு என்னமோ வெளிய புல்வெளியில மேய்ஞ்சுக்கிட்டிருந்த ஆட்டு மேலதான் சந்தேகம். வரும்போதே என்னை ஒரு மாதிரி பார்த்துச்சு."

"ஆடு அட்டை எழுதாது சார்" என்றார் காப்பாளர், சிரிக்காமல்.

அண்ணி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். பிறகு அதைத் தன் கைப்பையில் போடப் போனாள். காப்பாளர் பதறிப்போய், அட்டையை அறையைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் அதற்கு ஒரு மஞ்சள் அட்டை எழுத வேண்டும் என்றார். அண்ணி அதையும் எழுதிக் கொடுத்தாள்.

"அண்ணி, எனக்கு ஒரு யோசனை" என்று காதோரம் கிசுகிசுத்தான் கொழுந்தன். "தொட்டா அரிக்கும்ல? யார் சொறியறாங்களோ அவங்கதான் ஆளு."

"சுத்திப் பாரு."

அவன் பார்த்தான். ஆராய்ச்சியாளர் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தார். காப்பாளர் கையுறை போட்ட கையாலேயே கழுத்தைச் சொறிந்தார். மூலையில் உட்கார்ந்து தாளில் செடி தைக்கும் அம்மா ஊசியாலேயே தோளைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"சரி விடுங்க. இந்த யோசனைப்படி போனா மொத்த ஆபீஸையும் உள்ள தூக்கிப் போடணும்."

அந்த நேரம் பார்த்து நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. உயரமான, முழுக்கைக் கோட்டுப் போட்ட ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் மரத்தாலான அடிக்கோல். ஆராய்ச்சியாளர் சட்டென்று எழுந்து நின்ற விதத்திலேயே அவர் யார் என்று தெரிந்துவிட்டது. பேராசிரியர். குழுவின் தலைவர். அந்தச் செடி புதியது இல்லை என்று மூன்று முறை எழுதிக் கையெழுத்துப் போட்டவர்.

"துப்பறியறவங்களா? நல்லது" என்றார், அண்ணியைப் பார்த்து. "ஒரு களைச்செடிக்காக இவ்வளவு அமர்க்களம். அது வளர்ச்சி குறைஞ்ச சாதாரணச் செடிம்மா. போட்டோவைப் பார்த்தே சொல்லிட்டேன்."

"தாளை நேர்ல பார்த்ததே இல்லையா சார்?" என்றாள் அண்ணி.

"அதைத் தொட்டுப் பார்க்கிற அளவுக்கு எனக்கு நேரமில்லை."

சொல்லிக்கொண்டே அடிக்கோலைக் கோட்டுக் கைக்குள் விட்டு, முழங்கை வரை கொண்டுபோய், கண்ணை அரைவாசி மூடிச் சொறிந்துகொண்டார். பிறகு, தன்னை இரண்டு பேர் பார்க்கிறார்கள் என்பது உறைத்து, அடிக்கோலை வெளியே எடுத்து, அதில் அளவைப் படிப்பது போல் பாவனை செய்தபடி நகர்ந்துபோனார்.

கொழுந்தனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஆள் சிக்கிட்டார் அண்ணி. வாங்க, கோட்டைக் கழட்டச் சொல்லுவோம்."

"கழட்டினா?"

"முழங்கை சிவந்திருக்கும்."

"சிவந்த முழங்கையைக் குழு முன்னால வச்சா அந்தப் பொண்ணுக்கு வேலை கிடைக்குமா? அவங்க கேட்டது ஆளை இல்ல தம்பி, தாளை. அவரை நெருக்கினா பயந்துபோய் எதையாவது கிழிச்சுப் போட்டுடுவார்." அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு ஐந்து. "அட்டையைத் திரும்பப் படி."

படித்தான். சனி, சந்தேகம், திங்கள்.

"பேரை மறைக்கத் தெரிஞ்ச மனுஷன், அட்டையே வைக்காமப் போயிருக்கலாம். போகலை. இடத்தைக் காலியா விட்டுட்டுப் போக அவருக்கு மனசு வரலை. காரணம்னு ஒரு கட்டம் இருந்தா அதைப் பொய்யா நிரப்பக்கூட மனசு வரலை. ஒரு விதியை உடைச்சவர், மத்த விதி ஒவ்வொண்ணையும் அழுதுக்கிட்டே காப்பாத்தியிருக்கார். இப்படிப்பட்டவர் திரும்பும் நாள் திங்கள்னு எழுதினா, என்ன பண்ணியிருப்பார்?"

"திங்கக்கிழமையே கொண்டுவந்து..." கொழுந்தன் நிறுத்தினான். "ஆனா வரலையே. மூணு நாளா அலமாரி அலமாரியாத் தேடியிருக்காங்களே."

அண்ணி காப்பாளர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, ஒரு தாள் வெளியில போய்ட்டுத் திரும்பி வந்தா, நேரா அலமாரியில வைப்பீங்களா?"

காப்பாளர் நெஞ்சில் கைவைத்தார். "ஐயோ, எப்படிம்மா வைக்கிறது? வெளிய போன தாள்ல வண்டு முட்டை இருக்கும். அப்படியே உள்ள வச்சா நாற்பதாயிரம் தாளையும் தின்னு தீர்த்திடும். ஏழு நாள் ஃப்ரீசர்ல..."

அவர் வாய் திறந்தபடியே நின்றது.

"ஃப்ரீசரைத் தேடினீங்களா?"

"ஏழு நாள் ஆகாம அதைத் திறக்கக் கூடாதேம்மா" என்றார் காப்பாளர், கம்மிய குரலில்.

பக்கத்து அறையில், சவப்பெட்டி நீளத்துக்கு ஒரு வெள்ளை ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது. மூடியில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. எல்லா வரிகளும் நீலப் பேனாவில். கடைசி வரி மட்டும் பென்சிலில், முத்து முத்தாக: தாள் ஒன்று, திங்கள்.

ஆராய்ச்சியாளர் மூடி மேல் பாய்ந்தார். காப்பாளர் குறுக்கே பாய்ந்தார்.

"இன்னும் அஞ்சு நாள் இருக்கும்மா. அடுத்த திங்கள் வரைக்கும் வெளிய எடுக்க முடியாது."

"சார், மூணு மணிக்குக் குழு கூடுது."

"வண்டுக்குக் குழு தெரியுமாம்மா?" அவர் சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் விதிகள் தொங்கின. அடியில் பேராசிரியரின் கையெழுத்து. "இதெல்லாம் அவர் எழுதினதுதான். உள்ள எதையாவது புதுசா வைக்கிறதுக்கு மட்டும் திறக்கலாம். அதுவும் அரை நிமிஷம்."

அண்ணி ஒரு கணம்தான் யோசித்தாள். பிறகு கையை நீட்டினாள். "தம்பி, உன் கைக்குட்டையைக் குடு."

"அண்ணி, அதுல காலையிலிருந்து தும்மியிருக்கேன்."

"அதனாலதான் கேக்கறேன்." அவள் காப்பாளர் பக்கம் திரும்பினாள். "இவர் வெளியிலிருந்து வந்த ஆளு. இந்தத் துணியில என்ன பூச்சி இருக்கோ தெரியலை. உறைய வைக்கணும்."

காப்பாளர் கைக்குட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அது உறைய வேண்டிய பொருள்தான் என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூடியைத் திறந்தார்.

குளிர்ப்புகை எழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணாடி போன்ற பையில் பத்திரமாகச் சுற்றிய ஒரு தாள். ஒரு சாண் உயரச் செடி, ரோமம் சிலிர்த்தபடி. ஆராய்ச்சியாளர் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். அடுத்த நொடியே அவர் முகம் விழுந்துவிட்டது. தாளின் கீழ் ஓரத்தில், பனி படர்ந்து, எழுத்துத் தெரியாமல், புதிதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

"அரை நிமிஷம்" என்று மூடிவிட்டார் காப்பாளர்.

"முடிஞ்சது" என்றார் ஆராய்ச்சியாளர். தரையில் உட்கார்ந்துவிட்டார். "அது பேராசிரியரோட சீட்டு மேடம். ஒரு தாளைப் பார்த்த நிபுணர், தன்னோட முடிவை எழுதி ஒட்டுவாங்க. ஒட்டின சீட்டை யாரும் பிரிக்கக் கூடாது. ஏற்கெனவே மூணு மறுப்பு எழுதியிருக்கார். இப்ப நாலாவதைத் தாள்லயே ஒட்டிட்டார். தாள் கிடைச்சும் ஒண்ணுமில்லாமப் போச்சு."

இதற்குத் தாள் தொலைந்தே இருந்திருக்கலாம் என்று கொழுந்தனுக்குத் தோன்றியது. அண்ணி மட்டும் மூடியிலிருந்த பென்சில் வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரும்மா. குழுவை இங்க வரச் சொல்லு."

"இங்கயா?"

"தாள் அங்க வராதுன்னா குழு இங்க வரட்டும்."

மூன்று மணிக்கு ஃப்ரீசரைச் சுற்றிக் குழு நின்றது. இயக்குநர், வெளியிலிருந்து வந்த ஒரு நிபுணர் அம்மா, முகம் வெளிறிய பேராசிரியர். காப்பாளர் விதியை எடுத்துச் சொன்னார். விதியை எழுதியவரே முன்னால் நின்றதால் யாராலும் மறுக்க முடியவில்லை.

இயக்குநர் முனகிக்கொண்டே தன் டையைக் கழற்றி உள்ளே போட்டார். அரை நிமிஷம் தலையைக் குனிந்து பார்த்தார். "ஏதோ செடி இருக்கு" என்று அறிக்கை தந்தார். நிபுணர் அம்மா தன் சால்வையைப் போட்டார். லென்ஸோடு குனிந்தார். மூக்குக் கண்ணாடியில் பனி பூத்துவிட்டது.

"ஒண்ணும் தெரியலை. ஆனா ஒரு சீட்டு இருக்கே. சார், நீங்க கொஞ்சம் படிங்க."

பேராசிரியர் அசையவில்லை. "என்கிட்ட உள்ள போட ஒண்ணுமில்லை" என்றார்.

"கோட்டு இருக்கே சார்" என்றாள் அண்ணி, மிகுந்த மரியாதையோடு.

கோட்டு கழன்றது. இரண்டு முழங்கையும் தக்காளி நிறத்தில் வீங்கியிருந்தன. கொழுந்தன் தொண்டையைச் செருமினான். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

மூடி திறந்தது. பேராசிரியர் குனிந்து, விரலால் பனியைத் துடைத்தார். ஆராய்ச்சியாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஃப்ரீசருக்குள்ளிருந்து குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"இது புதிய இனமே. ரோமங்களின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறது. இதன் உறவுச் செடிகள் எதிலும் இப்படி இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு ரோமங்களை எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட மாறவில்லை. முன்பு நான் எழுதிய மூன்று மறுப்புகளும் தவறு." கடைசியில் தன் பெயரைப் படித்தார். நிறுத்திக்கொண்டார்.

"தேதியையும் படிங்க சார்" என்றார் காப்பாளர். "தேதி இல்லாத சீட்டு செல்லாது. நீங்க எழுதின விதிதான்."

"ஞாயிறு" என்றது ஃப்ரீசர்.

ஆராய்ச்சியாளர் கண்ணைத் திறந்தார். இயக்குநர் டை இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை இங்க பூட்டியிருக்குமே? அப்ப தாள் எங்க இருந்துச்சு?"

பேராசிரியர் தலையை வெளியே எடுத்தார். புருவத்தில் பனி.

"என் வீட்ல. போட்டோவைப் பார்த்தே மூணு தடவை மறுத்துட்டேன். நாலாவது தடவை கேட்டு வாங்கிப் பார்க்க வெக்கமா இருந்துச்சு. இவங்க சொன்னது தப்புன்னு காட்டத்தான் கொண்டுபோனேன். எண்ண ஆரம்பிச்சேன். சாப்பிடக்கூட எழுந்திருக்கலை." அவர் ஆராய்ச்சியாளரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "ரொம்ப அழகான செடிம்மா. அடுத்த வாரம்தான் குழுன்னு நினைச்சேன். அதுக்குள்ள ஏழு நாள் முடிஞ்சு அலமாரிக்குப் போயிடும்னு இருந்தேன். இயக்குநர் திடீர்னு இன்னைக்கு மாத்தினதும் என்ன பண்றதுன்னு தெரியலை. வாயைத் திறந்து சொல்லவும் வரலை."

"இது சாதாரண விஷயமில்ல" என்று இயக்குநர் குரலை உயர்த்தினார். "காப்பகத்துத் தாளைத் திருடி..."

ஆராய்ச்சியாளர் அண்ணியிடம் கையை நீட்டினார். அண்ணி கைப்பையிலிருந்து இளஞ்சிவப்பு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதையும் ஒரு பென்சிலையும் பேராசிரியர் முன்னால் வைத்தார்.

"சார், பேர் எழுத விட்டுட்டீங்க."

பேராசிரியர் பென்சிலை எடுத்து, அந்தக் காலிக் கட்டத்தின் மேல் குனிந்தார். முத்து முத்தாக எழுதினார்.

காப்பாளர் அட்டையை வாங்கி, கட்டம் கட்டமாக விரல் வைத்துச் சரிபார்த்தார். "பேர் இருக்கு. எடுத்த நாள் இருக்கு. காரணம் இருக்கு. திங்கள் திருப்பணும், திங்களே வந்திருக்கு." நிமிர்ந்து இயக்குநரைப் பார்த்தார். "இது இரவல் சார். திருட்டில்லை."

செடி புதிய இனம்தான் என்ற தீர்மானத்தில் நிபுணர் அம்மா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இயக்குநர், ஏழு நாளைக்கு டை கிடைக்காது என்பதை உறுதி செய்துகொண்டு, தானும் போட்டார்.

கைபேசி அதிர்ந்தது. ஆராய்ச்சியாளர் எடுத்தார். "வச்சாச்சு அத்தை" என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் அழ ஆரம்பித்துவிட்டார். அந்தப் பக்கம் மாமியாரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அட, எதுக்கு அழுவுற? செடி பார்க்க எப்படி இருக்கும்னு சொல்லு. பக்கத்து வீட்ல கேக்கறாங்க."

கொழுந்தன் வாயைத் திறக்கப் போனான், அண்ணி மறுபடியும் காலை மிதித்தாள்.

"ஒரு தடவை தொட்டா ஆயுசுக்கும் மறக்க முடியாதுன்னு சொல்லும்மா" என்றார் பேராசிரியர், அடிக்கோலால் முழங்கையைச் சொறிந்தபடியே.